அணுகுண்டுப் பெட்டியில் புளிச்சோறு

1

எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்தால் மேல் தட்டில் பூச்சட்டி இருக்கும். அதற்குக் கீழே தரைச்சக்கரமும் கம்பி மத்தாப்பும். ஓரமாக ஒரு அணுகுண்டு. பூச்சட்டிக்குள் துவரம்பருப்பு, தரைச்சக்கரத்துக்குள் வரமிளகாய், அணுகுண்டுக்குள் ரவை. ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்தவர் இந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, வேலையை மிகச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு வியப்பு ஒன்றும் இருக்காது. நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் பட்டாசுப் பெட்டி இல்லை? ரேஷன் கார்டு அதற்குள்தான் இருக்கும். ஊசி நூல் அதற்குள்தான் இருக்கும். எங்கள் நாரணாபுரத்து வீட்டில் கோழி அடைகாத்ததே ஒரு ராக்கெட் பெட்டியில்தான். நமக்கு அது வெறும் பெட்டி. மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை.

என் அண்ணன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறான். நிறம் விலகி அச்சான அட்டைகளை அங்கே கழித்துப் போடுவார்கள். சிங்கத்துக்கு இரண்டு மூக்கு இருக்கும், சிரிக்கிற குழந்தைக்குப் பல் கன்னத்தில் இருக்கும். நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவற்றைத்தான் என் பெட்டியின் அடியில் தட்டையாக அடுக்கி அனுப்புவான். வெடிமருந்து வாசமே படாத புது அட்டை. மடித்து ஒட்டினால் பெட்டி. மற்ற ஊர்ப் பெண்கள் பெட்டியடியில் பட்டுச்சேலை வைத்துக்கொண்டு வெளிநாடு போவார்கள். நான் அட்டை வைத்துக்கொண்டு போகிறவள். பெர்த் விமான நிலையத்தில் ஒரு தடவை நாயை விட்டு மோந்து பார்த்தார்கள். நாய் என் அட்டைகளை மதிக்காமல் பக்கத்தில் நின்றவரின் மாங்காய் ஊறுகாயிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த அட்டைகளுக்கும் எனக்கும் பழைய உறவு. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். அண்ணனுக்கு அது வாய்க்கவில்லை. என் புத்தகங்களுக்கு அவன்தான் அட்டை போட்டுக் கொடுப்பான், பட்டாசு லேபிளால். அறிவியலுக்கு ராக்கெட், கணக்குக்கு சரவெடி. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ராக்கெட்டைப் படித்துத்தான் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே ஒரு ஆய்வகத்தில் சுரங்கங்களிலிருந்து வரும் மண்ணைச் சோதிக்கிறேன். "மண்ணப் பாக்கதுக்கா அம்புட்டுத் தூரம் போன? இங்கன இல்லாத மண்ணா?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் இங்கே வந்து இந்த வாரத்தோடு மூன்று வருடம். ஆனால் இதை எழுத வைத்தது அது இல்லை. எங்கள் பால்கனியில் காய்ந்துகொண்டிருக்கிற ஒரு ஐஸ் பெட்டியின் மூடி.

2

எங்கள் ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பராமரிப்பவர் டக். ஓய்வு பெறும் வயது. வருடத்துக்கு ஒரு தடவை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, சாலை முடிந்த பிறகும் நிற்காமல் போய், மணலுக்கு நடுவே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருவார். இங்கே இது பெரிய பைத்தியம். வண்டிச் சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணல்மேட்டில் ஏற்றுவார்கள். வண்டி மாட்டிக்கொண்டால் அன்றைய மகிழ்ச்சி இரட்டிப்பு.

போன வருடம் என்னையும் ஷமீமாவையும் கூப்பிட்டார். ஷமீமா என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவள், மருத்துவமனையில் நர்ஸ். விருதுநகர்க்காரி. அவள் அத்தாவுக்கு அங்கே பருப்பு மண்டி. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் சந்தித்திருக்கவே மாட்டோம். இங்கே வந்ததும் ஒரே மாவட்டம் என்ற ஒன்றுக்காக ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அவளிடம் மணலில் ஏறக்கூடிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று இருக்கிறது. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவேன்.

அந்த முதல் பயணத்தின் முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஆகா, கூடிச் சாப்பிடப் போகிறோம் என்று நினைத்தேன். ஒவ்வொருவரும் அவரவர் ஐஸ் பெட்டியைத் திறந்து, அவரவர் சாப்பாட்டை எடுத்து, அவரவர் மடியில் வைத்துச் சாப்பிட்டு, அவரவர் பெட்டியை மூடினார்கள். டக்கும் அவர் மனைவி ஜேனட்டும்கூட ஆளுக்கொரு பெட்டி. நான் எலுமிச்சைச் சோற்றை நீட்டினேன். "வேண்டாம், எனக்கு இருக்கிறது, நன்றி" என்றார் டக், மிக அன்பாக. ஜேனட்டும் அப்படியே. ஆய்வகத்துப் பையன்கள் மூன்று பேரும் அப்படியே. சோறு வட்டத்தைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது.

"ஏட்டி, இது வட்டமா ஒக்காந்து தனித்தனியா திங்கதுல்ல" என்றாள் ஷமீமா. "ஆசுபத்திரி வார்டுல கூட இப்பிடி இல்ல."

யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஏனென்றால் நான் பார்த்து வளர்ந்த மதியச் சாப்பாடு வேறு. அம்மா பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அங்கே வேலை செய்கிற அறைப் பக்கம் சாப்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது. தள்ளி, வேப்பமரத்தடியில் வந்துதான் உட்கார வேண்டும். அடுப்பு, சூடு என்ற பேச்சே அந்த வளாகத்தில் கிடையாது. எல்லாருடையதும் ஆறிய சோறு. நடுவில் ஒரு தூக்குச்சட்டியின் மூடியை மல்லாத்தி வைப்பார்கள். தன் சட்டியைத் திறந்தவள் முதல் கைச் சோற்றை அந்த மூடியில் வைத்துவிட்டுத்தான் தன் வாயில் வைக்க வேண்டும். மூடியில் இருப்பது எல்லாருக்கும். முந்தின நாள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்களும் வைப்பார்கள். பேசாமல் இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி, மூன்றாமவளைப் பார்த்து, "அவ வச்ச தொவையலு நல்லாருக்குன்னு அவகிட்ட சொல்லு" என்பாள். அவள் அங்கேதான், முழங்கை தூரத்தில், உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே இந்த வருடம் டக் பயணப் பேச்சை எடுத்ததும் நான் முந்திக்கொண்டேன். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அது என் பொறுப்பு என்றேன்.

டக் தாடியைச் சொறிந்தார். பல வருடம் முன்னால் அப்படிச் செய்து பார்த்தார்களாம். ஒருவர் இறால் கொண்டு வந்தாராம். அதற்கு மேல் விவரிக்க அவர் விரும்பவில்லை. "அதிலிருந்துதான் அவரவர் பெட்டி" என்றார். பிறகு, "சரி மேரி. ஒரு தடவை பார்ப்போம். யாராவது பசியோடு திரும்பினால் பழையபடி அவரவர் பெட்டி. அப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்" என்றார்.

இங்கே மாரி என்ற என் பெயரை எல்லோரும் மேரியாக்கிவிட்டார்கள். பரவாயில்லை. பந்தயம் எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் என் சோறு வட்டத்தைச் சுற்றிவிட்டு என்னிடமே வரக் கூடாது.

3

தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்கு லீவு விடுவார்கள். அதனால் அம்மா வீட்டில் இருந்தாள். அதனால் தினமும் போன்.

"எம்புட்டுப் பேரு?"

"ஏழு பேரும்மா."

"அப்ப பதினஞ்சு பேருக்கு வடி. அங்கன கட கண்ணி இருக்கா?"

"இல்லம்மா."

"ஆசுபத்திரி?"

"இல்ல."

"வீடு வாசலு?"

"கூடாரம்மா. தரையிலதான் படுப்போம்."

"தரையில படுக்கக் கூடாதுன்னுதானட்டி ஒன்னப் படிக்க வச்சேன்" என்றாள். "அந்த டக்கு அண்ணாச்சி சம்பளம் வாங்குற ஆளுதான? ஒரு ரூம்பு எடுத்துத் தங்குனா என்ன?"

டக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கே ஆறு மாதம் ஆனது. அம்மா முதல் நாளே அண்ணாச்சி ஆக்கிவிட்டாள்.

"கருவாடு வறுத்து எடுத்துட்டுப் போ. கெடாது."

"கருவாடு வறுத்தா இங்கன தீயணைப்பு வண்டி வந்துரும்மா."

"வரட்டும். அவுகளுக்கும் ரெண்டு குடு."

அம்மாவை விடக் கடினமானவள் ஷமீமா. விருதுநகர்க்காரிக்குச் சாப்பாடு என்றால் எண்ணெய்ப் பரோட்டா. எண்ணெயில் மூழ்கடித்து, மொறுமொறுவென்று எடுத்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்ற வேண்டும். அவள் ஹலால் கடையில் கோழி எடுத்து வந்துவிட்டுத்தான் என்னிடம் பேச்சையே ஆரம்பித்தாள்.

"பரோட்டா இல்லாமப் போனா எங்க ஊரு மானம் என்னாகுறது?"

"காட்டுல அடுப்பு வேணும்ல."

"அவுக கேஸ் அடுப்பு கொண்டாருவாக. நாம மாவப் பெசஞ்சு கொண்டுபோவோம்."

"நீ மணல்ல நின்னுக்கிட்டு வீச்சு வீசுவ. காத்தடிச்சா பரோட்டாவுக்குப் பதிலா செங்கல்லுதான் வரும்."

"நீ என்னட்டி கொண்டு வார?"

"புளிச்சோறு."

"ஏழு பேர காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி புளிச்சோறு போடுற. கோயிலு டூர்னு நெனச்சியா?"

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. பரோட்டாவை வீட்டிலேயே பொரித்துவிடுவது. சால்னாவை உறைய வைத்து எடுத்துப் போய் அங்கே சூடு பண்ணிக்கொள்வது. மற்றதெல்லாம் நான். ஜேனட்டுக்குக் கோதுமை ஆகாது, அவருக்குப் புளிச்சோறு. பையன்களில் ஒருவன் கறி, பால், முட்டை எதையும் தொடாதவன், அவனுக்குப் பருப்புத் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். எல்லாருக்கும் நொறுக்க, சாத்தூர்ச் சேவு. இங்கே இந்தியக் கடையில் கிடைப்பதைச் சேவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நானே மாவு பிசைந்து, பூண்டும் மிளகாயும் அரைத்துச் சேர்த்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு பிழிந்தேன். புகை எச்சரிக்கை மணி இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் ஷமீமா நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினாள்.

பிறகு கட்டுவது. மேடு பள்ளத்தில் டப்பாக்கள் உருண்டு திறந்துவிடும் என்பது போன வருடப் பாடம். ஆனால் கட்டுவதை எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? நான் பேக்கிங்காரி மகள். அண்ணன் அட்டைகளை மடித்து ஒட்டி, கடையில் வாங்கிய வாழையிலையை உள்ளே விரித்து, சோற்றை அமுக்கி நிரப்பினேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. ஒன்று ஆடினால் எல்லாம் ஆடும். காரத்தைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். காரமே இல்லாத உருளைக்கிழங்கு கம்பி மத்தாப்பில். சேவு பூச்சட்டியில். பரோட்டா தரைச்சக்கரத்தில். கருஞ்சிவப்பாக இருந்த புளிச்சோறு அணுகுண்டில்.

வண்டியின் பின்பக்கம் அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். தீபாவளி லோடு போல அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஷமீமாவுக்கும் தோன்றவில்லை. அவளும் அந்த மாவட்டம்தானே.

4

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். கடைசி பெட்ரோல் பங்க் வரைக்கும் தார்ச்சாலை. அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லோருடைய போன்களும் ஒன்றாகக் கத்தின. வெயிலும் காற்றும் கடுமையாக இருப்பதால் அந்த வட்டாரம் முழுவதும் தீ மூட்டத் தடை. விறகு கூடாது, கரி கூடாது, கேஸ் அடுப்பும் கூடாது.

டக் தன் வண்டியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இருந்தது. ஜேனட்தான் போட்டுடைத்தார்: "சொல்லிவிடு டக்."

என் சமையல் சொதப்பினால் உதவும் என்று ஐஸ் பெட்டி நிறைய, சுடாத பச்சை இறைச்சி சாசேஜ் ஒளித்து வைத்திருந்தாராம். பையன்களும் ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் ஏதாவது ஒன்று வைத்திருந்தார்கள். எல்லாம் பச்சை. அடுப்பில்லாமல் ஒன்றுக்கும் உதவாதவை.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நெருப்பே இல்லாத இடத்தில் சாப்பிட்டுப் பழகிய வம்சம் நான்.

"என்னுடையது எதையும் சூடு பண்ணத் தேவையில்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"என் சால்னா?" என்றாள் ஷமீமா தமிழில்.

"ஒங்க ஊரு மானம் ஐஸ் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்."

"பேசாதட்டி."

பங்கைத் தாண்டியதும் சக்கரங்களில் காற்றை இறக்கினோம். செம்மண் பாதை, பிறகு மணல்மேடுகள். ஷமீமா கியரை மாற்றிக் கத்திக்கொண்டே ஏற்றினாள். நான் கத்த மட்டும் செய்தேன். வண்டி ஒரு தடவை மாட்டிக்கொண்டது, டக் உற்சாகமாக இழுத்துவிட்டார். வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் தேசியப் பூங்காவின் முகாம் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மற்ற வண்டிகளில் முட்டை உடைந்து ரொட்டியோடு கலந்திருந்தது. ஒரு பையனின் பால் புட்டி அவன் போர்வைக்குள் திறந்திருந்தது. எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்தேன். பெட்டிகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. இரட்டை மூக்குச் சிங்கங்கள் வரிசையாக என்னைப் பார்த்தன.

எல்லோரும் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே விட்டேன். அதுதான் வினை.

5

கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்திருந்த ஒரு குடும்பம் தண்ணீர் எடுக்க எங்களைக் கடந்து போனது. வேகமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே பூங்காவைக் காக்கும் ரேஞ்சரின் வண்டி வந்தது. காக்கிச் சட்டை, அகலத் தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினார். சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். எங்கள் பின்கதவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நான் அப்போதுதான் அந்தப் பெட்டிகளை அவர் கண்ணால் பார்த்தேன். தீ மூட்டத் தடை உள்ள காட்டில், ஒரு வண்டி நிறைய, தீப்பொறி படம் போட்ட பெட்டிகள். ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் பெயர்கள். ஒன்றில் அணுகுண்டு வெடித்து எழும் குடைக்காளான் படம், நிறம் விலகி, இரண்டு குடையாக.

"எல்லோரும் வண்டியை விட்டுத் தள்ளி வாருங்கள். இது யாருடையது?"

"என்னுடையது. சாப்பாடு" என்றேன்.

"சாப்பாடு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"ஆமாம். பெட்டி மட்டும்தான் பட்டாசு. எங்கள் ஊரில்தான் இதைச் செய்கிறார்கள். நாட்டுக்கே எங்கள் ஊர்ப் பட்டாசுதான். என் அம்மா பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்."

இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அதை என்னால் மாற்ற முடியவில்லை.

"ஏட்டி, வாய மூடு" என்றாள் ஷமீமா பல்லுக்குள். "ஒங்க ஊரு பெருமைய இப்பத்தான் சொல்லணுமா?"

ரேஞ்சர் வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். பிறகு ஒரே ஒரு பெட்டியை மட்டும் வெளியே எடுத்து, வெட்டவெளியில் வைத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னார்.

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் பெட்டியை இழுத்து, கீழே போட்டு, மூடியைக் கிழித்துக் காட்டியிருப்பாள். எல்லாம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. பட்டாசுப் பெட்டியை இழுக்கக் கூடாது, எறியக் கூடாது, தட்டக் கூடாது. இது நடை பழகும்போதே எங்களுக்குள் இறங்கிவிடும். இழுத்த பெட்டி என்ன செய்யும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே இருப்பது புளிச்சோறு என்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்குள் நுழைகிறவர்களைப் போல, எதிலும் உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். தலையில் இருந்த ஊசியை எடுத்து போனோடு சேர்த்துத் தள்ளி வைத்தேன். அணுகுண்டுப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, பிறந்த குழந்தையைக் கொண்டுபோவது போல வெறுங்காலில் நடந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓசை வராமல் மணலில் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் இன்னும் தூரமாகப் போயிருந்தார்கள். ரேஞ்சர் அவர் வண்டிக்குப் பின்னால் இருந்தார். டக் ஜேனட்டுக்கு முன்னால் நின்றார். பையன்களைக் காணவே இல்லை.

"மேரி, அது சாப்பாடுதானே?" என்று டக் தூரத்திலிருந்து கேட்டார்.

மூடியைத் திறந்தேன். புளியும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் காற்றில் போயிற்று. ஒரு கை அள்ளி வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்று, விழுங்கினேன்.

ரேஞ்சர் மெதுவாக வந்தார். எட்டிப் பார்த்தார். குனிந்து மோந்தார். "இது என்ன?"

"சோறு. புளி போட்ட சோறு."

"இதற்கு ஏன் செருப்பைக் கழற்றினீர்கள்?"

போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினேன். சேவு, பரோட்டா, உருளைக்கிழங்கு, துவையல். அவர் முகம் இளகியது. ஆனால் கடமை இளகவில்லை. பட்டாசு என்று அச்சடித்த எதையும் பூங்காவுக்குள் விட்டுவைக்க முடியாது, வருகிறவர் போகிறவரெல்லாம் பயந்து புகார் செய்வார்கள், பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றார்.

"சாப்பாட்டோடா?" என்று ஜேனட் கேட்டார்.

"சாப்பாடு பெட்டிக்குள் இருக்கிறதே."

நான் டக்கைப் பார்த்தேன். அவர் தன் பச்சை சாசேஜ் பெட்டியைப் பார்த்தார். அவ்வளவுதான் என்று தோன்றியது. ஏழு பேரும் உடைந்த முட்டையும் நனைந்த ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, காலையில் பசியோடு திரும்பிப் போவோம். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அவரவர் பெட்டி.

"பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை விட்டுவிடுங்கள்" என்றேன்.

ரேஞ்சர் யோசித்தார். "எதில் கொட்டுவீர்கள்?"

நல்ல கேள்வி. எங்களிடம் இருந்தவை கையகலத் தட்டுகள். பதினைந்து பேருக்குச் செய்த சாப்பாடு. நான் சுற்றிப் பார்த்தேன். டக்கின் ஐஸ் பெட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு ஆள் படுக்கலாம்.

"டக், உங்கள் மூடி வேண்டும்" என்றேன்.

6

அந்த வெள்ளை மூடியைக் கழற்றி, கழுவி, நாற்காலிகளுக்கு நடுவே மல்லாத்தி வைத்தார் டக். நான் பெட்டி பெட்டியாகக் கொட்டினேன். ஒரு ஓரத்தில் புளிச்சோறு, ஒரு ஓரத்தில் பரோட்டா, நடுவில் சேவுக் குன்று. காலியான அட்டைகளைத் தட்டையாக்கி ரேஞ்சரிடம் கொடுத்தேன். அவர் கடைசி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தச் சிங்கத்துக்கு இரண்டு மூக்கு."

"அதனால்தான் எனக்குக் கிடைத்தது. என் அண்ணன் அச்சகத்தில் இருக்கிறான்."

சேவில் ஒரு கை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்றார். பிறகு இரண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுவும் ஒருவகையில் பட்டாசுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் மூடியைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கை வைக்கவில்லை. அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நான் வேப்பமரத்தடியைச் சொன்னேன். முதல் கை மூடிக்கு, பிறகுதான் வாய்க்கு.

"ஆனால் எங்களிடம் வைக்க ஒன்றும் இல்லையே" என்றார் டக்.

ஜேனட் எழுந்து போய் வண்டியிலிருந்து ஒரு பழக்கேக்கைக் கொண்டுவந்தார். தனக்கென்று கோதுமை இல்லாமல் செய்து மறைத்து வைத்திருந்தது. மூடியின் மூலையில் வைத்தார். டக்கின் கண் விரிந்தது. "இது எனக்குத் தெரியாதே!" என்றார். பிறகு அவரும் எழுந்து போனார். பாலாடைக்கட்டியோடு வந்தார். அது ஜேனட்டுக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள், இரண்டு பெட்டி, இரண்டு ரகசியம். பையன்கள் சீவிய கேரட், கடலை, நசுங்கிய வாழைப்பழம் என்று கொண்டுவந்து வைத்தார்கள். ஷமீமா கடைசியாகச் சால்னாவைக் கொண்டுவந்தாள். வெயிலில் உருகியிருந்தது.

"ஆறிப்போன சால்னாவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊத்துவேன்?"

"ஊத்துட்டி. எங்கம்மா கம்பெனில எல்லாமே ஆறுனதுதான்."

ஊற்றினாள். டக் பரோட்டாவைப் பிய்த்து, தோய்த்து, சாப்பிட்டார். மறுபடி பிய்த்தார். அப்புறம் புளிச்சோற்றின் மேல் பாலாடைக்கட்டியை வைத்துச் சாப்பிட்டார். அதைப் பார்க்காதவள் போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொதுச் சாப்பாடு என்றால் அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

காலையிலும் மூடிதான் நடுவில். ஞாயிறு மதியம் கிளம்பும்போது அதில் ஒரு பருக்கை இல்லை. டக் யாரிடமும் பசிக்கிறதா என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும், "அடுத்த தடவைக்கு இந்த மூடி போதாது" என்றார்.

ஊருக்குப் போன் பண்ணினேன்.

"மிச்சம் இருந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வழிச்சுட்டாக."

"அப்ப பத்தல. நான் சொன்னேன்ல, இருவது பேருக்கு வடின்னு."

"பதினஞ்சுன்னுதான் சொன்ன."

"எதுத்துப் பேசாத."

அண்ணனிடம் அட்டை பறிபோன கதையைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அவன் கழித்துப் போட்ட அட்டை ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறது. நல்ல அட்டையே இதுவரை அவ்வளவு தூரம் போனதில்லையாம்.

டக்கின் மூடி முழுவதும் மஞ்சள் ஏறிவிட்டது. ஜேனட் எதையெதையோ போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நாலு நாள் நல்ல வெயிலில் வைத்தால் போய்விடும் என்று சொல்லி நான் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். பால்கனியில் காய்கிறது. வீடியோவில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி அது, கதவா?"

"டக்கு அண்ணாச்சியோட மூடிம்மா. நாளைக்குக் குடுக்கணும்."

"வெறுமூடியாவா குடுப்ப? படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?"

தெரியும். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நானும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அது ஒரு கதவளவு மூடி. அதை நிரப்ப எவ்வளவு சேவு பிழிய வேண்டும் என்று மலைத்துப்போய்க் காலையிலேயே எண்ணெய் வைத்துவிட்டேன். புகை மணி அடிக்கிறது. ஷமீமா துண்டோடு நாற்காலியில் நிற்கிறாள். பாதி மூடி பரோட்டாவுக்கு விட்டால்தான் விசிறுவேன் என்கிறாள்.